ஆண்டறிக்கை: ஞாயிறு பள்ளி ஆசிரியர் சங்கம்

தலைவர் அவர்களே, போதகர் ஐயா அவர்களே, உடன் ஆசிரியர்களே, அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

மனப்பாட வசனம் நம் பிள்ளைகளுக்கு நன்றாகவே வரும். பரிசும் வாங்கிவிடுவார்கள். அந்த வசனத்தைக் கொண்டு கடையையும் பாடப்புத்தகத்தையும் கைப்பேசியையும் பார்க்கப் பழகியிருக்கிறார்களா என்று சென்ற பொதுக்குழுவில் கேள்வி எழுந்தது. அதனால் இவ்வாண்டு வகுப்பறைச் செயல்பாடுகளுக்கே முதலிடம் கொடுத்தோம்.

மேல்வகுப்புகளில் விளம்பரங்களை எடுத்துக்கொண்டோம். மனிதன் யார், அவனுக்கு என்ன குறை, அதைத் தீர்ப்பது யார், தீர்ந்தபின் வாழ்வு எப்படி இருக்கும்: படைப்பு, வீழ்ச்சி, மீட்பு, புதுப்பித்தல் என்ற வேதாகம வரிசையை ஒட்டிய நான்கு கேள்விகள். முகப்பூச்சு விளம்பரம் ஒன்றைப் பார்த்துவிட்டு ஒரு மாணவி, "கறுப்பா இருக்கிறதுதான் இதுல பாவம், இந்த ட்யூப்தான் இரட்சகர்" என்றாள். வகுப்பே சிரித்தது. அடுத்து, தேவன் மனிதனைத் தம்முடைய சாயலாகச் சிருஷ்டித்தார் என்னும் ஆதியாகமம் 1:27ஐத் திறந்தபோது, அந்தத் தேவசாயலைப் பற்றி ஆசிரியர் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

நடுவகுப்புகளில் உபாகமம் 25:13, பையில் பெரிதும் சிறிதுமான நிறைகற்கள் வைத்திருக்கக் கூடாது என்ற கட்டளை. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு மணல் பொட்டலங்களை எடைக்கல்லாக ஒரு மாணவனிடம் கொடுத்தோம். வாங்கும்போது கனத்ததையும் விற்கும்போது லேசானதையும் தராசில் வைத்தான். குட்டு வெளிப்பட்டதும் எழுந்த சத்தம் பக்கத்து வகுப்புவரை கேட்டது. "பரீட்சையில் பார்த்து எழுதுறதும் கள்ளத்தராசுதானா, சார்?" என்ற கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வந்தது.

தானியேல் முதல் அதிகாரத்தை வைத்து, பாபிலோன் அரண்மனைக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட அவன் எதை ஏற்றான், எதை மறுத்தான் என்று பலகையில் இரண்டு பத்திகள் வரைந்தோம். கல்தேயரின் எழுத்தும் பாஷையும் ஒரு பக்கம், ராஜாவின் போஜனம் மறுபக்கம். அரண்மனையில் அவனுக்கு இட்ட பெல்தெஷாத்சார் என்ற புதுப் பெயரை எங்கே எழுதுவது என்பதில் வகுப்பு இரண்டுபட்டது. ஆசிரியர் தீர்ப்புச் சொல்லாமல் விட்டதில் சிலருக்கு வருத்தம் உண்டு. என் கணிப்பில் இவ்வாண்டின் சிறந்த வகுப்பு அதுதான்.

அப்போஸ்தலர் 17இல் பவுல் அத்தேனே பட்டணத்தார் 'அறியப்படாத தேவனுக்கு' என்று எழுதி வைத்திருந்த பலிபீடத்தைக் கவனித்து, அவர்களுடைய புலவர்களின் வார்த்தையையே எடுத்துப் பேசுகிறார். அதையொட்டி விவாத வகுப்புகளில் ஒரு விதி வைத்தோம்: அடுத்தவர் நம்பிக்கையை அவரே "ஆமாம், சரிதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி சொன்ன பிறகே பதில் சொல்ல வேண்டும். மாணவர்கள் பழகிவிட்டார்கள். நமக்குத்தான் இன்னும் சிரமம்.

சுவரொட்டிப் போட்டியும் நடந்தது. படங்கள் அழகு, கைவேலை பெரும்பாலும் பெற்றோருடையது. இனி அது வேண்டாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை.

சிறு பிள்ளைகளின் வகுப்புகளுக்கு ஏற்ற செயல்பாடுகள் இன்னும் உருவாகவில்லை. அதற்கு ஒரு துணைக்குழு அமைக்கும் தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்