நீரில் வீங்கும் ரப்பர்: கூட நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

நாம் செய்துவந்த நீரில் வீங்கும் ரப்பர் கலவை ஒருவழியாகத் தேறிவிட்டது. சுரங்கப்பாதையில் கான்கிரீட் துண்டுகள் சேரும் இடத்தில் வைக்கிற பட்டை இது. கசிவு நீர் பட்டால் பருத்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அறிக்கையில் என் பெயர் முதலில் இருப்பதால், மற்றவர்கள் செய்ததை நான்தான் சொல்லியாக வேண்டும்.

முதல் நன்றி, ரப்பரை உருளைகளுக்கு நடுவே விட்டுக் கலக்கும் மில்லை ஓட்டிய அண்ணனுக்கு. ரப்பருக்குத் தண்ணீர் ஒட்டாது. அதில் சேர்க்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் தூளோ தன் எடையைப்போலப் பல நூறு மடங்கு தூய நீரைக் குடிக்கும். காற்றிலுள்ள ஈரத்தைக்கூட விடாது. அந்த ஈரத்தோடு அச்சில் 150 டிகிரிக்குப் போனால் நீராவி கிளம்பி, தகடு முழுக்கக் குமிழிதான். அண்ணன் தூளை அடுப்பில் உலர்த்தி மூடியே வைத்திருப்பார். ரப்பர் உருளையில் சீராகப் படிந்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவார். வெட்டிய ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தாலும், "இன்னும் மடிச்சு விடணும் தம்பி" என்று மறுபடி உருளைக்குள் விடுவார்.

அடுத்து, எடை பார்த்த ஆய்வக அக்கா. வீங்கிய அளவைக் குறித்ததோடு அவர் நிறுத்தவில்லை. துண்டுகளை உலர்த்தித் திரும்ப எடை போட்டார். தொடக்க எடையைவிடக் குறைந்திருந்தது. ஊறிய நீரைத் தொட்டால் வழவழப்பு. தூள் கழன்று வெளியேறுகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. தூளை ரப்பரோடு பிடித்துவைக்க, ரப்பரோடும் நீரோடும் ஒத்துப்போகும் இணைப்புப் பாலிமரை (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பொருளை) நாங்கள் தேடிப் போனதே அந்த எடைக்குறிப்பால்தான். என்னைக் கேட்டால், இந்த வேலையின் திருப்புமுனை அதுதான்.

ரப்பர் இழைகளைப் பிணைக்கச் சேர்க்கும் கந்தகம் கூடினால் ரப்பர் இறுகி வீங்க மறுக்கும், குறைந்தால் வலு போய்விடும். இந்த இழுபறியில் பொறுமையாக வழிகாட்டிய பேராசிரியருக்கு வணக்கம்.

அப்புறம், களப் பொறியாளர்கள். "தூய நீரில் வீங்கினால் போதாது, உப்பு நீரிலும் சிமென்ட் நீரிலும் போட்டுப் பாருங்கள்" என்றவர்கள் அவர்கள். உப்பு நீரில் தூளின் உறிஞ்சும் திறன் சில பத்து மடங்காக இறங்கிவிடும். சிமென்டிலிருந்து வரும் கால்சியம் பாலிமர் இழைகளைக் கட்டிப்போட்டு இன்னும் குறைக்கும். பொருத்துவதற்கு முன்பே மழையில் வீங்காமலிருக்க மேற்பூச்சு வேண்டும் என்பதும் அவர்கள் சொன்னதே.

உப்பு நீரில் போட்ட துண்டுகள் இன்னும் ஊறிக்கொண்டிருக்கின்றன. எடைக் கணக்கை மாதாமாதம் உங்கள் எல்லோருக்கும் அனுப்பிவைக்கிறேன்.

நன்றியுடன்,
கலவைக் குழுவிலிருந்து உங்கள் தம்பி