மச்சானுக்கு, தோடி பற்றி

கல்லடி, மட்டக்களப்பு
ஆனி மாதம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. வட்ஸ்அப்பில் இரண்டு வரி தட்டிவிடாமல் நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். இரண்டு தரம் வாசித்தேன். தங்கச்சியின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை என்று அறிந்தது நிம்மதி. இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. மற்றப்படி எல்லோரும் சுகம்.

பேத்தியைப் பற்றி நீ எழுதியதைத்தான் நாலைந்து நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். தோடி ராகத்து வர்ணத்தை நொட்டேசன் (ஸ்வரக் குறிப்பு) பார்த்து ஒரு எழுத்துப் பிசகாமல் பாடுகிறாள், தாளமும் நிற்கிறது, ஆனால் கேட்டால் தோடி மாதிரி இல்லை என்கிறாய். நீ மிருதங்கக்காரன். என்ன குறை என்று உன் காதுக்குத் தெரிகிறது, வாயால் சொல்லிக் கொடுக்க வரவில்லை. ரீச்சர் சென்னையில் இருந்து வீடியோவில் சொல்லிக் கொடுப்பதில் பிழை இருக்குமோ என்றும் கேட்டிருந்தாய்.

ரீச்சரில் பிழை இல்லை, பிள்ளையிலும் இல்லை. நொட்டேசனில் 'க' என்று ஒரே ஒரு எழுத்துத்தான் இருக்கும். அந்த ஸ்வரத்தைச் சாதாரண காந்தாரம் என்று புத்தகம் சொல்லும். ஹார்மோனியத்தில் அந்தக் கட்டையை அழுத்திப் பார், அது தோடி இல்லை. தோடியின் காந்தாரம் தன் இடத்தில் நிற்பதே இல்லை. கீழே பக்கத்து ஸ்வரமான ரிஷபத்தையும் மேலே மத்தியமத்தையும் தொட்டுத் தொட்டு அசையும். ஏறும்போது ஒரு மாதிரி, இறங்கும்போது வேறு மாதிரி, நீட்டிப் பிடிக்கும்போது இன்னொரு மாதிரி. இவ்வளவையும் ஒரு எழுத்துக்குள் எழுதி வைக்க யாராலும் முடியாது. ஆரம்பப் பாடங்களுக்குரிய மாயாமாளவகௌளை ராகத்தில் சரளிவரிசையும் அலங்காரமும் சுத்தமாகப் பாடிப் பழகிய பிள்ளை தோடிக்கு வந்ததும் தடுமாறுவது இதனால்தான். அங்கே ஸ்வரத்தைச் சரியான இடத்தில் வைத்தால் அநேகமாகப் போதும். இங்கே ஸ்வரத்தை நடத்த வேண்டும்.

என்னிடம் வீணை படிக்கும் பொடியன் ஒருவன் காரைதீவில் இருந்து சனிக்கிழமைகளில் பஸ் ஏறி வருகிறான். அவனுக்கும் இதே இடத்தில்தான் சிக்கியது. வீணைத் தண்டில் ரிஷபத்துக்குரிய மெட்டில் (குறுக்குக் கட்டையில்) விரலை வைத்துத் தந்தியைப் பக்கமாக இழுத்து மத்தியமம் வரை கொண்டுபோய் விட வேண்டும். இழுத்தான், சத்தமும் வந்தது, ஆனால் ஒவ்வொரு அசைவும் வெட்டு வெட்டாக விழுந்தது. வாயால் எத்தனை சொல்லியும் சரிவரவில்லை. கடைசியில் அவனுடைய இடக்கையை என் இடக்கையின் மேல் வைக்கச் சொல்லி, நான் வாசித்தேன். விரல்தான் இழுக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தான். மணிக்கட்டு எப்படி அசைகிறது, முன்கை எங்கே தளர்ந்து கொடுக்கிறது என்று அப்போதுதான் அவன் கைக்குத் தெரிந்தது. பிறகு அவனே வாசித்தான். முழுக்கச் சரி என்று சொல்லமாட்டேன், ஆனால் முதல் தடவையாக அதில் தோடி இருந்தது. சாதாரண தரப் பரீட்சைக்குக் கர்நாடக சங்கீதம் எடுக்கிற பிள்ளைதான். பரீட்சைக்குக் கேட்கிறதை விட்டுவிட்டு அன்று முழுக்க அந்த ஒரு பிரயோகத்தையே, அந்தச் சின்ன ஸ்வரக் கோர்வையையே, வாசித்துக்கொண்டிருந்தான். இப்படி ஒரு பிள்ளை வந்து சேர்ந்தால் சொல்லிக் கொடுக்கிறவனுக்கு வேறு என்ன வேண்டும்!

காரைதீவு என்றதும் நாம் இருவரும் படித்த காலம் நினைவுக்கு வருகிறது. அந்த ஊரில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் பெயரில் 1982ல் தொடங்கிய இசை நடனக் கல்லூரியில் படித்துக்கொண்டே, பழந்தமிழரின் யாழைப் பற்றி அவர் எழுதிய யாழ்நூலை நாம் ஒழுங்காகத் திறந்து பார்த்ததில்லை. இப்போது அந்த நிறுவகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துவிட்டது, பிள்ளைகள் பட்டத்துக்குப் படிக்கிறார்கள். ஓய்வுக்குப் பிறகு நான் யாழ்நூலை மெல்ல மெல்ல வாசித்து வருகிறேன். உன் கேள்விக்கு அதைவிடப் பெரிய விடை இல்லை என்று எனக்குப் படுகிறது.

யோசித்துப் பார். யாழைப் பற்றி நம்மிடம் எழுத்துக்குக் குறைவா? சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை இருக்கிறது, அதற்கு அடியார்க்குநல்லார் உரை இருக்கிறது, பத்துப்பாட்டில் யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்கிற வரிகள் இருக்கின்றன. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 என்று கணக்குக்கூட இருக்கிறது. இருந்தும் என்ன? வாசிக்கிற கை ஒன்று இல்லாமல் போயிற்று. பாணர் பரம்பரை எங்கேயோ அறுந்த பிறகு, அந்த வரிகளைப் படித்தவர்களுக்கு யாழ் எப்படி இருந்தது என்றே தெரியவில்லை. விஞ்ஞானமும் கணிதமும் தமிழும் ஒரே தலையில் இருந்த ஒரு மனிதர் ஏறத்தாழ 14 ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. ஸ்வரங்களின் இடைவெளியை அளக்கிற அலகுக் கணக்குப் போட்டு, நரம்புகளை அளந்து, கருவிகளையே செய்வித்து, 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் நூலை அரங்கேற்றினார். அடுத்த மாதம் 19ஆம் திகதி காலமாகிவிட்டார். அந்தத் தேதிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். உயிரைப் பிடித்து வைத்திருந்ததே அதற்காகத்தான் போல.

அவ்வளவு உழைத்தும் அவரால் மீட்க முடிந்தது கருவியையும் கணக்கையும் பண்களின் அமைப்பையும்தான். ஒரு பாணன் பாலை யாழை மடியில் வைத்து நரம்பைத் தொட்ட விதம், எந்த இடத்தில் அழுத்தினான், எந்த இடத்தில் விட்டான் என்பது திரும்பி வரவே இல்லை. அது எழுத்தில் இருந்ததில்லை. அவன் மகனுடைய கையில் இருந்திருக்க வேண்டும். இதைச் சுவாமியின் பெருமையைக் குறைத்துச் சொல்லவில்லை, மச்சான். அவ்வளவு பெரிய அறிவுக்கே எட்டாமல் போனதை நொட்டேசன் புத்தகத்தில் தேடினால் பேத்திக்குக் கிடைக்காது என்றுதான் சொல்கிறேன்.

இந்த வைகாசியில் காரைதீவுக் கண்ணகி அம்மன் கோயிலுக்குச் சடங்குக்குப் போயிருந்தேன். கண்ணகி கதையைச் சொல்கிற வழக்குரையைப் பாடிப் படித்தார்கள். ஏடு இருக்கிறது, இப்போது அச்சுப் புத்தகமும் இருக்கிறது. ஆனால் எந்த அடியை எந்த இராகத்தில் இழுப்பது, எங்கே குரலை இறக்குவது என்பது ஒன்றிலும் இல்லை. வயதான ஒருவர் படிக்க, பக்கத்தில் இருந்த இளந்தாரி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு கூடவே போய்க்கொண்டிருந்தான். பெரியவருக்கு மூச்சு வாங்கிய இடத்தில் அவன் எடுத்தான். ஒட்டுத் தெரியவில்லை. அது கர்நாடக சங்கீதம் இல்லைத்தான், ஆனால் கொண்டுபோகிற வழி ஒன்றே.

நம்முடைய சங்கீதத்தில் இதற்குப் பெரிய உதாரணம் வீணை தனம்மாள் வீடு. 1938ல் அவர் காலமாகும்வரை சென்னையில் ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். மைக் இல்லை, ஆரவாரம் இல்லை, கேட்க வருகிறவர்கள் மூச்சுவிடாமல் இருப்பார்கள். அந்த வீட்டில் இருந்த பதங்கள், அந்த நிதானமான நடைப் பாடல்கள், மகள்மாருக்குப் போய், பேத்தி பிருந்தாவுக்கும் முக்தாவுக்கும் வந்தன. மேடையில் கொடிகட்டிப் பறந்த வித்துவான்களே பிருந்தாவிடம் போய்ப் பதம் பாடம் பண்ணியிருக்கிறார்கள். அச்சில் வந்த பதங்களை வைத்துக்கொண்டு யாருக்குப் போதவில்லை? அவர்களுக்கே போதவில்லை. அந்த நடையும் அந்த நிதானமும் அந்த வீட்டுத் தொண்டையில்தான் இருந்தது.

சரி, இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வர்ணத்தைக் கொஞ்ச நாள் நிறுத்து. புத்தகத்தை மூடி வை. வீடியோ வகுப்பில் ஒரு சங்கடம், சத்தம் பிந்திப் பிந்தி வருவதால் குருவும் சிஷ்யையும் சேர்ந்து பாடவே முடியாது. ஒருவர் பாடி நிறுத்த மற்றவர் பாட வேண்டும். சேர்ந்து பாடும்போது பிள்ளையின் குரல் தானாகப் பெரியவருடைய குரலுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும், அதுதான் அங்கே இல்லாதது. அதனால் ரீச்சரிடம் கேட்டு, தோடியில் நாலைந்து பிரயோகங்களை மட்டும் மெதுவாகப் பாடிப் பதிவுசெய்து அனுப்பச் சொல். பிள்ளை அந்தப் பதிவோடு சேர்ந்து பாடட்டும், வேறு ஒன்றும் வேண்டாம். காலையில் சுருதிப் பெட்டியோடு, சாகித்தியம் இல்லாமல், 'ஆ' என்று அகாரத்தில். நல்ல நாகஸ்வரத் தோடி ஆலாபனையும் போட்டுக் காட்டு. ராஜரத்தினம் பிள்ளை வாசித்ததைக் கேட்டு வளர்ந்த காதுக்குத் தோடியைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

அதோடு, அங்கே பள்ளிக்கூட விடுமுறை வருகிறதல்லவா? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தமும் பார்க்கலாம். மாமிக்கு உன்னைப் பார்க்காத கவலை வேறு. பிள்ளை எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். காலையும் மாலையும் நான் அவளோடு இருந்து பாடுகிறேன், காரைதீவுப் பொடியனும் வருவான், இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுப் படிப்பார்கள். நீயும் மிருதங்கத்தை எடு. எத்தனை வருஷமாக உறையில் கிடக்கிறதோ!

ஒரு வேலை. சென்னை வழியாக வருவதானால் வீணைத் தந்தி இரண்டு செட் வாங்கி வா, முதல் தந்தியான சாரணித் தந்தி மட்டும் கூடுதலாக. இந்த வெக்கையில் என் வீணையின் மெழுகு இளகி மேல் ஸ்தாயி மெட்டுகள் சில நகர்ந்துவிட்டன. நீங்கள் வருவதற்குள் மெழுகில் மெட்டுகளைத் திரும்பப் பொருத்தி மேளம் கட்டி வைத்துவிடுவேன். எந்த நாள் வருகிறீர்கள் என்று டிக்கெட் போட்டவுடன் சொல்லு, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் பிடித்து அனுப்புகிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் மச்சான்