வீட்டிலும் எழுத்துக் கூட்டுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகள் தரம் 3 படிக்கிறாள். பாடப்புத்தகத்தை மனப்பாடமாக ஒப்புவிப்பாள். அதே சொற்களை வேறொரு தாளில் எழுதிக் காட்டினால் விழிப்பாள். வகுப்பில் பிள்ளைகள் அதிகம், ரீச்சரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை பள்ளிக்கல்வி கட்டாயம். பள்ளியை விடச் சொல்லவில்லை. மாலையில் அரை மணி நேரம் வீட்டையும் வகுப்பாக்கினேன், அவ்வளவுதான்.

கடைக்குப் போகுமுன் சாமான் பட்டியலை அவளே எழுதுவாள். முதல் நாள் 'மஞ்சல்', 'மிழகாய்' என்று எழுதினாள். நான் சிவப்புப் பேனையால் வெட்டவில்லை. 'மஞ்சள்' என்று நாக்கை மடித்துச் சொல்லச் சொன்னேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுத் தானே அழித்துத் திருத்தினாள். ல, ள, ழ மூன்றையும் வாய் பிரித்துவிட்டால் கை தன்பாட்டில் வரும். பிறகு, சாமான் சுற்றி வந்த பத்திரிகைத் துண்டை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாள். கண் மங்கிய அம்மம்மா அதற்காகவே திண்ணையில் காத்திருப்பார்.

விஜயதசமியில் அரிசியில் 'அ' எழுதி ஏடு தொடக்குகிறோம். மிச்சத்தைப் பள்ளியிடமும் ரியூசனிடமும் விட்டுவிடுகிறோம். வன்னியின் உட்கிராமங்களில் வாசிக்கப் புத்தகம் கிடைப்பதுதான் பெரும்பாடு. சனசமூக நிலையங்களுக்குப் பிரதேச சபைகள் சிறுவர் நூல்களைக் கொடுக்க வேண்டும். அலுமாரியில் பூட்டி வைக்காமல் வீட்டுக்கு இரவல் தாருங்கள். கிழிந்தால் நாங்களே ஒட்டித் தருகிறோம்.

ஒரு தாய்,
ஒட்டுசுட்டான்