முதலில் மரபணு அறிக்கை வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நுரையீரல் புற்றுநோயாளிகளில் யாருக்கு இம்யூனோதெரபி (உடலின் சொந்த எதிர்ப்பாற்றலைப் புற்றுநோய் மீது ஏவும் சிகிச்சை) பலன் தரும் என்பதை ஸ்கேன் படங்களையும் திசு ஸ்லைடுகளையும் வைத்துக் கணினியே முன்கூட்டிக் கணிக்கும் முயற்சிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் பாலக்கோட்டில் எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். நல்ல கட்டுரை. ஆனால் இன்றைக்கே கைவசம் உள்ள சோதனைகளை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை அது தொடவில்லை. அந்த வரிசை தவறியதால் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் அக்காவுக்கு வயது 58. விறகடுப்புப் புகையைத் தவிர வேறு புகை அறியாதவர். விடாத இருமலுக்குப் பிறகு எடுத்த பயாப்சியில் அடினோகார்சினோமா என்ற நுரையீரல் புற்றுநோய் வகை என்று வந்தது. பி.டி.-எல்1 என்ற புரதத்தின் அளவு 60 விழுக்காடு என்றதும், "இந்த இம்யூனோதெரபி ஊசி கட்டாயம் கேட்கும்" என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். மாமா மாந்தோப்பை அடமானம் வைத்தார். முதல் ஊசி ஏறி ஒன்பதாம் நாள், செல் வளர்ச்சியைத் தூண்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதாக அறிக்கை வந்தது.

பி.டி.-எல்1 என்பது புற்றணுக்கள் தம் மேற்பரப்பில் காட்டும் ஒரு புரதம்; நூறு புற்றணுக்களில் எத்தனை அதைக் காட்டுகின்றன என்பதே அந்த விழுக்காடு. அந்தப் புரதம் நம் எதிர்ப்பு அணுக்களான டி செல்களைப் பிடித்துக்கொண்டால் அவை தாக்காமல் அடங்கிவிடும், அந்தப் பிடியை விடுவிப்பதே ஊசியின் வேலை. புரதம் மிகுதியாக இருந்தால் பலனுக்கு வாய்ப்பும் கூடுதல் என்பது உண்மைதான். 2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், இந்த அளவு 50 விழுக்காட்டுக்குக் குறையாத நோயாளிகளில் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசி பெற்ற நூற்றில் ஏறத்தாழ 45 பேருக்கும், கீமோ பெற்ற நூற்றில் 28 பேருக்கும் கட்டி சுருங்கியது. அப்படியானால் ஊசி பெற்றவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சுருங்கவில்லை. இதில் "கட்டாயம்" எங்கிருந்து வந்தது?

அதைவிட முக்கியம், ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. அத்தகையவர்களுக்கு பி.டி.-எல்1 உயர்ந்திருந்தாலும் இந்த ஊசி பெரும்பாலும் எடுபடுவதில்லை. அவர்களுக்கென்று தனி மாத்திரைகள் இருக்கின்றன. புகைபிடிக்காத ஆசியப் பெண்களிடம் இந்த மாற்றம் அதிகம் என்பதால், அக்காவைப் பார்த்ததுமே அந்தச் சந்தேகம் எழுந்திருக்க வேண்டும். பணம் போனது ஒரு பக்கம். ஊசி போட்ட சூட்டோடு அந்தத் தனி மாத்திரைகளில் ஒன்றான ஓசிமெர்டினிப்பைத் தொடங்கினால் நுரையீரல் அழற்சிக்கான ஆபத்து கூடும் என்று பெங்களூரு மருத்துவர் தயங்கி, அதே வகையில் வேறொரு மாத்திரையான ஜெஃபிட்டினிப் கொடுத்து, ஒவ்வொரு முறையும் மூச்சைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று திசு. பெங்களூருக்கு நான் எடுத்துப்போன பிளாக்கில் (பயாப்சித் திசுவைப் பதித்து வைக்கும் மெழுகுக் கட்டி), மெழுகுக்குள் சேமியா நறுக்கு போல மூன்றே துண்டுகள் இருந்தன. எல்லாச் சோதனைகளுக்கும் அதிலிருந்துதான் சீவ வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியே சீவினால், ஒவ்வொரு முறையும் முகப்பைச் சமன்செய்வதிலேயே திசு வீணாகிறது.

ஆகவே தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில், நுரையீரல் அடினோகார்சினோமா உறுதியானவுடன் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. (இதுபோலவே பார்க்க வேண்டிய இன்னொரு மரபணு), பி.டி.-எல்1 மூன்றுக்கும் ஒரே தடவையில் திசுவைச் சீவி அனுப்பவும், அவசர நிலை தவிர, மரபணு அறிக்கை வரும் வரை ஊசியைத் தள்ளிவைக்கவும் சுகாதாரத் துறை வழிசெய்ய வேண்டும். காத்திருக்கும் நாட்களில் செலவின்றி ஒன்று செய்யலாம்: அந்த 60 என்ற எண்ணுக்கு என்ன பொருள் என்பதைக் குடும்பத்தாரை உட்காரவைத்துத் தமிழில் விளக்கலாம். எங்களுக்கு அது நூற்றுக்கு அறுபது மதிப்பெண் போலத்தான் கேட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.