குளத்தைத் தோண்டினால் போதாது, வரத்துக்காலைத் திறந்து விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடையில் வீட்டுத் தோட்டத்தைக் காப்பாற்றுவது பற்றி ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். சொட்டுநீர் போடுங்கள், மண் காயாமலிருக்க மூடாக்குப் போடுங்கள், வெயில் தாழ்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள் என்று இருந்தது. ஒன்றும் தப்பில்லை. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிக்கு முழு மானியம் உண்டு என்பதும் உண்மைதான். "சொட்டு விடுறதுக்கும் கிணத்துல நாலு சொட்டு கிடக்கணும்லா மதினி?" என்றார் என் கொழுந்தனார், வாசித்து முடித்துவிட்டு. அந்த நாலு சொட்டு ஏன் கிடக்கவில்லை என்பதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

நெல்லை என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தாமிரபரணிதான் ஞாபகம் வரும். பாபநாசம் அணை, எட்டு அணைக்கட்டு, காரும் பிசானமுமாக இரண்டு போகம். அது ஆற்றங்கரைச் சீமை. நாங்கள் இருப்பது திசையன்விளைக்கும் உவரிக்கும் நடுவில். நாங்குநேரி, ராதாபுரம் பக்கமும் கிட்டத்தட்ட இதே கதைதான். குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதங்களில் எங்களுக்குக் காற்று மட்டும் வரும். ஆடிக் காற்றில் பணகுடி, காவல்கிணறு காற்றாலைகள் நன்றாகச் சுற்றும். எங்கள் மண்ணில் மிச்சமிருக்கிற ஈரமும் அதே காற்றோடு போகும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதை வைத்துத்தான் அடுத்த ஐப்பசி வரை பிழைப்பு.

எங்களுடையது ஒன்றேகால் ஏக்கர் விளை, எங்கள் பக்கம் தோட்டத்தை அப்படித்தான் சொல்வோம். நாற்பது தென்னை, வேலி சுற்றிப் பனை, கொஞ்சம் முருங்கை, இரண்டு கறவை மாடு, நாலைந்து வெள்ளாடு, வெட்டுக் கிணறு ஒன்று. அவர் காலமான பிறகு நானும் கொழுந்தனாரும்தான் பார்த்துக்கொள்கிறோம். பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். "எல்லாத்தையும் வித்துட்டு வாங்கம்மா" என்று போன் வரும்போதெல்லாம் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுவேன்.

வைகாசி பிறந்துவிட்டால் கிணற்றில் காலையில் அரை மணி நேரம் மோட்டார் ஓடும், அப்புறம் காற்றைத்தான் இழுக்கும். மறுபடி ஊறச் சாயங்காலம் ஆகும். அதனால் வீட்டுக்குள் வருகிற தண்ணீர் எதுவும் ஒரே வேலையோடு வெளியே போவதில்லை. அரிசி களைந்த தண்ணீரும் காய் கழுவிய தண்ணீரும் மாட்டுத் தொட்டிக்கு. அதில் ஒரு கை தவிடும் கொஞ்சம் உப்பும் போட்டால் மாடு முகம் திருப்பாமல் குடிக்கும். பாத்திரம் விளக்கிய தண்ணீர் முருங்கைக்கு. துணி துவைத்த தண்ணீர் வாழைக்குப் போகலாம், கறிவேப்பிலைப் பக்கம் போகக் கூடாது, இலை கருகிவிடும். குளிக்கிற தண்ணீர் தென்னைக்கு. இதற்காக எங்கள் வீட்டில் கோடைக்குக் குளியலறை கிடையாது. நாலு கம்பில் கட்டிய ஓலைத் தட்டியும் ஒரு கல்லும்தான். இந்த மரத்தடியில் ஒரு வாரம், அடுத்த மரத்தடியில் ஒரு வாரம் என்று தூக்கி வைத்துக்கொள்வோம். திருவிழாவுக்கு வந்த நாத்தனார் மகள், "அத்தை, இன்னைக்கு எந்த மரத்துல குளிக்கணும்?" என்று துண்டோடு வந்து நிற்கிறாள்.

இப்படிச் சேர்த்தாலும் கணக்கு உதைக்கத்தான் செய்கிறது. கோடையில் ஒரு தென்னைக்கு நாளைக்கு 50 லிட்டராவது வேண்டும். நாற்பது மரத்துக்கு 2,000 லிட்டர். கறவை மாடு ஒன்று வெயில் காலத்தில் ஐம்பது, அறுபது லிட்டர் குடிக்கும். டிராக்டரில் வருகிற 5,000 லிட்டர் டேங்கர் எங்களுக்கு இரண்டு நாளைக்குத்தான் காணும். தேங்காய் விற்று டேங்கருக்குக் கொடுத்தால் கையில் கதம்பைதான், அதாவது உரித்த தேங்காய் மட்டைதான், மிஞ்சும்.

ஆகவே தையிலேயே ஒரு முடிவு எடுத்துவிடுவேன். எல்லா மரத்துக்கும் ஒரு வாய் ஊற்றினால் ஒன்றும் பிழைக்காது. வண்டு துளைத்த மரம், காய்ப்பு ஓய்ந்த மரம், வேலியோரம் பனையோடு மல்லுக்கு நிற்கிற மரம், இவற்றுக்குத் தண்ணீர் கிடையாது. மாமியார் கையால் நட்ட மரம் ஒன்று இந்தக் கணக்கில் வந்துவிட்டது. கொழுந்தனாருக்கு மனசு கேட்கவில்லை, எனக்குத் தெரியாமல் ஒரு குடம் கொண்டுபோய் ஊற்றுகிறார். தென்னையில் வறட்சி உடனே முழுசாகத் தெரியாது. முதலில் குரும்பை கொட்டும், அடி ஓலை மடிந்து தொங்கும், மழை வந்ததும் பச்சையாகிவிட்டது என்று நினைப்போம். இந்த வருஷம் பட்ட காய்ச்சல் அடுத்த இரண்டு மூன்று வருஷக் குலையில்தான் கணக்குத் தீர்க்கும்.

உங்கள் கட்டுரையில் மூடாக்கு என்று ஒரு வரியில் முடித்திருந்தார்கள். கதம்பை புதைப்பதைக் கொஞ்சம் விரித்து எழுதியிருக்கலாம். மரத்திலிருந்து ஆறேழு அடி தள்ளி, முழங்கால் ஆழத்துக்குச் சுற்றி வெட்டி, கதம்பையின் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்க வேண்டும். ஒரு அடுக்கு கதம்பை, ஒரு அடுக்கு மண். மேலே மூடாக்காகப் பரப்புவதை மட்டும் கவிழ்த்துப் போட வேண்டும். மழைக்கு முன்னால் புதைத்தால்தான் அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், ஐந்தாறு வருஷம் தாங்கும். எங்கள் பக்கம் நிறையப் பேர் கதம்பையைக் கயிறு மில்லுக்கு லோடு ஏற்றிவிட்டு, மாசியில் டேங்கருக்குப் போன் போடுகிறார்கள்.

பனைக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. யாரும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றாமலே பதனீரும் நுங்கும் தருகிறது. நுங்கு எடுத்த பிறகு மிஞ்சுகிற காய்க்கூட்டை, கூந்தல் என்போம், சீவிப் போட்டால் மாடும் தின்னும். கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021-ல் அரசு சொன்னபோது எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சமில்லை. ஏறத்தான் ஆள் இல்லை.

"போர் போட வேண்டியதுதானே?" என்று கேட்பார்கள். பக்கத்து விளை அண்ணாச்சி போட்டார். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிற ஆளையும் கூட்டி வந்து, நானூறு அடி இறக்கினார். முதல் வருஷம் தண்ணீர் பொங்கி வந்தது. இப்போது அவர் வீட்டில் டீ போட்டால் பால் திரிகிறது. கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலேதான் நிற்கிறது. மேலே உள்ளதை உறிஞ்ச உறிஞ்சக் கீழே உள்ளது ஏறி வரும். ஒரு தடவை உப்பேறிவிட்டால் அந்தக் கிணற்றை மீட்டெடுப்பது லேசில்லை. அண்ணாச்சியை நான் குறை சொல்லவில்லை. இலவச மின்சாரமும் கையில் காசும் இருந்தால் யாரும் செய்வதுதான்.

எங்கள் கிணறுகளுக்கு உயிர் கீழே இல்லை, பக்கத்துக் குளத்தில் இருக்கிறது. குளத்தில் தை வரை தண்ணீர் நின்றால் கிணறு ஆனி வரை தாங்கும். இது மாமியார் காலத்திலிருந்து பார்த்து வருகிற விஷயம். மழைத் தண்ணீரை மண்ணுக்குள் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கேயே பெரிய சாட்சி இருக்கிறது. ஆயன்குளம் படுகைக் கிணறு. 2021 மழையில் குளத்து மிச்சத் தண்ணீரை வாரக்கணக்காக அதற்குள் விட்டும் நிரம்பவில்லை, ஊரே வேடிக்கை பார்த்தது. சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து வந்து ஆராய்ந்தவர்கள், அடியில் சுண்ணாம்புப் பாறைக்குள் குகை குகையாக இருக்கிறது என்றார்கள். எல்லாக் கிணற்றுக்கும் அந்த வயிறு வாய்க்காது. ஆனால் வேலை அதே வேலைதான். 2003-ல் மழைநீர் சேகரிப்பைச் சட்டமாக்கியபோது மாடித் தண்ணீரை மணல் தொட்டி வழியாகக் கிணற்றுக்குள் விட்டோம், இன்றும் விடுகிறோம். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் சேரும். வீட்டளவில் செய்ய முடிந்தது அவ்வளவுதான். மற்றதைக் குளம்தான் செய்ய வேண்டும்.

குளத்தைத் தூர் வாரவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். வாரினார்கள். ஜேசிபி வந்தது, போட்டோ எடுத்தார்கள், கரையும் உயர்ந்தது. வண்டல் எடுக்கத் தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று 2024-ல் எளிதாக்கியதும் நல்ல காரியம். எங்கள் மணற்காட்டுக்கு ஒரு லோடு வண்டல் பெரிய சொத்து. ஆனால் தண்ணீர் உள்ளே வருகிற வரத்துக்காலை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

வந்து பார்த்தால் தெரியும். ஊர்ச் சாலையை ஒவ்வொரு தடவையும் உயர்த்தி உயர்த்திப் போட்டார்கள். கடைசியாகப் போட்டபோது வரத்துக்கால் ஓடைக்கு மேலிருந்த பழைய கல்பாலத்தை எடுத்துவிட்டுச் சிமெண்ட் குழாய் பதித்தார்கள். குழாயின் வாய் ஓடைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் இருக்கிறது. முழங்காலளவு தண்ணீர் தேங்கிய பிறகுதான் மறுபக்கம் ஒரு சொட்டு போகும். அதற்குள் தண்ணீர் சாலையோரப் பள்ளத்தில் கிழக்கே திரும்பிக் கடலைப் பார்த்து ஓடிவிடும். குழாயைத் தாண்டினால் சீமைக் கருவேலம். அதையும் தாண்டினால் மனை போட்டு விற்ற இடம், ஓடைக்குள்ளேயே எல்லைக்கல் நிற்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய அந்த மழை எங்களுக்கும் பெய்தது. சாலை அறுத்துக்கொண்டு போயிற்று, சந்தைக்குப் போக முடியவில்லை. அப்போதும் எங்கள் குளம் நிரம்பி மறுகால் போகவில்லை. அடுத்த சித்திரையில் டேங்கர் வந்துவிட்டது.

இதை எங்கே சொல்வது என்பதுதான் பெரிய பாடு. குளத்துத் தண்ணீர் பாய்கிற நிலம், அதாவது ஆயக்கட்டு, 40 ஹெக்டேருக்குக் குறைவு என்றால் குளம் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. ஓடைப் புறம்போக்கு வருவாய்த் துறைக் கணக்கில் இருக்கிறது. சாலைக்கும் குழாய்க்கும் இன்னொரு அலுவலகம். மனு கொடுத்த இடத்தில், "குழாய் எங்களோடது இல்லம்மா" என்றார்கள். சரிதான், குழாய் யாருடையதோ, தண்ணீர் எங்களுடையது.

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தார்கள். நீண்ட காலப் பயிருக்கு ஏக்கருக்கு 7,287 ரூபாய் நிவாரணம். அந்த வருஷம் பட்டுப்போன தென்னைக்குப் பதிலாக வைத்த கன்றுகள் இப்போதுதான் ஒழுங்காகக் காய்க்கின்றன. நிவாரணம் வேண்டாம் என்று சொல்ல நான் வசதிக்காரி இல்லை. அதில் ஒரு பங்குச் செலவில் அந்தக் குழாயை இறக்கியிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். தாமிரபரணி - கருமேனியாறு - நம்பியாறு கால்வாய் 2009-ல் தொடங்கி 2025-ல் திறந்தாயிற்று, மகிழ்ச்சி. ஆனால் அது ஆற்றில் மிஞ்சுகிற வெள்ளத்தைக் கொண்டு வருகிற கால்வாய். அதன் வழியில் இல்லாத எங்களைப் போன்ற சின்னக் குளங்களுக்கு, வானத்திலிருந்து விழுவது வந்து சேர வழி விட்டால் போதும்.

கிராம வரைபடத்தில் ஓடை தெளிவாக இருக்கிறது. சர்வேயர் வந்து இரு கரையிலும் கல் ஊன்ற வேண்டும். ஓடைத் தரை மட்டத்தில் இன்னொரு குழாய் பதிக்க வேண்டும். இரண்டும் புரட்டாசிக்குள் நடந்தால்தான் இந்த வருஷ மழைக்கு உதவும். முள் வெட்ட ஆள் நாங்கள் தருகிறோம், ஜேசிபிக்கு டீசல் காசை விளைக்காரர்கள் பிரித்துக்கொள்கிறோம் என்று மனுவிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். உங்கள் நிருபர் யாராவது இந்தப் பக்கம் வந்தால் குழாயை நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன். மழை பெய்கிற நேரமாகப் பார்த்து வரச் சொல்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று போட்டோவே எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு விளைக்காரி,
திசையன்விளை வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.