முதலில் ஈயம், பிறகு ராடு

மதுரை

அன்பு மகள் தாயிக்கு,

கடல் தூண்டிலுக்கு என்னென்ன வாங்கணும் என்று கேட்டிருந்தாய். வண்டியூர்க் கண்மாயில் தக்கையும் மண்புழுவும் போட்டுக் கெண்டை பிடிக்கிற கணக்கு ராமநாதபுரத்துக் கடற்கரையில் செல்லாது. உப்புத் தண்ணீரில் மண்புழு சீக்கிரம் துவண்டுவிடும். தக்கையை அலை கரைக்கே தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

கடையில் எடுத்த எடுப்பில் 13, 14 அடி ராடைத்தான் (தூண்டில் கம்பு) நீட்டுவார்கள். வாங்காதே. முதலில் ஈயத்தை, அதாவது தூண்டிலை அடியில் நிறுத்தும் எடையை, முடிவு பண்ணு, மற்றதெல்லாம் அதற்கேற்ப அமையும். அரியமான் பக்கம் கடல் ஆழம் குறைவு, அலையும் லேசு. 60 கிராம் போதும். தென்கடலில் (மன்னார் வளைகுடாப் பக்கம்) இழுப்பு இருந்தால் 80 முதல் 100. பிரமிடு ஈயமாகப் பார்த்து வாங்கு, அதுதான் மணலில் குத்தி நிற்கும். உருண்டை ஈயம் உருண்டுகொண்டே போய்ப் பக்கத்து ஆளின் தூண்டில் நரம்போடு சிக்கும்.

அதை வீச 10 அடி ராடு, அடியில் 60–120 கிராம் என்று அச்சடித்தது. ஃபைபர் கிளாஸே போதும், அடிபட்டாலும் தாங்கும். மிச்சமாகும் காசை ரீலில் போடு. உப்பு அரிப்பது அதைத்தான். 5000 சைஸ் ரீல், 0.35 மி.மீ. நைலான் நரம்பு 200 மீட்டர். நரம்பு சுற்றும் உருளையான ஸ்பூலின் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்து. வழிய வழியச் சுற்றினால் சிக்கு விழும், குறைந்தால் தூரம் போகாது.

அந்த நரம்பில் நேராக ஈயத்தைக் கட்டிவிடாதே. வீசுகிற வேகத்தில் அறுந்தால் ஈயம் தனியாகப் பறக்கும். யார் தலையிலாவது பட்டால் மண்டை உடையும். முன்னால் தடித்த நரம்பு சேர்க்கணும். 28 கிராம் ஈயத்துக்கு 10 பவுண்டு தாங்கும் நரம்பு என்பது கணக்கு, 80 கிராம் என்றால் 30 பவுண்டு. நீளம் ராடைப் போல இரண்டு மடங்கு, அதற்கு மேல் ரீலில் ஆறு சுற்று. இரண்டு நரம்பையும் சேர்க்கும் முடிச்சை எச்சில் தொட்டு இறுக்கு. காய்ந்தபடி இழுத்தால் உரசிச் சூடாகி அந்த இடத்திலேயே அறும்.

டிராக் என்பது மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கிற ரீலின் பிடி. அதைச் சரிபார்க்க 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலை நரம்பில் கட்டித் தூக்கு. மெல்ல வழுக்கினால் சரி. வீசும்போது மட்டும் இறுக்கிக்கொள், இல்லையென்றால் நரம்பு விரலை அறுக்கும்.

கிழங்கான் மீனுக்கு வாய் சின்னது, 6ஆம் நம்பர் தூண்டில் முள் போடு. நம்பர் ஏற ஏற முள் சிறுக்கும் என்பதை மறக்காதே, பாறை மீனுக்குப் பெரிய முள், 1/0. ஈயம் நுனியில், அதற்கு மேலே ஒரு சாண் தள்ளி ஒரு முள், இன்னும் இரண்டு சாண் தள்ளி இன்னொன்று. முள்ளைக் கட்டும் கிளை நரம்பு அரைச் சாணுக்கு மேல் போனால் முறுக்கிக்கொள்ளும்.

இரைக்குச் சமையலுக்கு வாங்குகிற இறாலே போதும், வாடை வந்தது ஆகாது. ஓட்டை உரித்து, விரல்கணு அளவுக்கு நறுக்கி, முள்ளின் வளைவோடு கோத்து, முனையை மட்டும் வெளியே விடு. முழு இறாலைத் தொங்கவிட்டால் சின்ன மீன் நுனியைக் கொத்தித் தின்றுவிட்டுப் போகும். வீச்சில் பிய்ந்தால் முந்தின ராத்திரியே உப்புத் தடவி வை, சதை இறுகும். எனக்குக் கேட்டால் கணவாய்தான் உசத்தி. சுண்டுவிரல் நீளத்துக்குக் கீறி நுனியில் இரண்டு குத்து குத்தினால் நாலைந்து வீச்சுக்குத் தாங்கும். சாளைக்கு மணம் அதிகம், ஆனால் நூல் சுற்றாமல் நிற்காது.

தூரமாக வீசணும் என்று தோள்பட்டையைக் கெடுத்துக்கொள்ளாதே. முதல் அலை உடைகிற இடத்துக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில்தான் கிழங்கான் மேயும். வாடைக்காற்று மாதங்களில் வடகடல் (அரியமான் இருக்கும் பாக் நீரிணைப் பக்கம்) கலங்கிவிடும், தென்கடலுக்குப் போ.

கெளிறு மீன் சிக்கினால் கையால் பிடிக்காதே. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக மூன்று விஷமுள். குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் அரைமணி நேரமாவது முக்கி வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. பேத்தை மீன் வந்தால் கடலிலேயே விட்டுவிடு, அது குழம்புக்கு ஆகாது; விஷம்.

திரும்பியதும் டிராக்கை இறுக்கி மூடி, ரீல் மேல் நல்ல தண்ணீர் தெளித்துத் துடை. வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போகும். காய்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வை.

அடுத்த வாரம் ஊருக்கு வரும்போது ராடையும் எடுத்து வா. வைகை மணலில் முள் இல்லாமல் வெறும் ஈயத்தை வீசிப் பழகலாம்.

அப்பா