எம்டனை மறக்கவில்லை, 'மதராஸ்' கப்பலை மறந்துவிட்டோம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல் உலகப் போரில் ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டதைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1914 செப்டம்பர் 22 இரவு, எண்ணெய் டாங்குகள் எரிந்தது, உயர் நீதிமன்றச் சுவரில் உள்ள கல்வெட்டு, இன்றைக்கும் கெட்டிக்கார ஆளை 'சரியான எம்டன்' என்று நாம் சொல்வது எல்லாம் சரி. ஆனால் அதே ஆண்டு இதே மாகாணத்து மக்கள் பணம் திரட்டி, காயம்பட்ட சிப்பாய்களை ஊருக்குக் கொண்டுவர ஒரு கப்பலையே ஆஸ்பத்திரியாக மாற்றி அனுப்பினார்களே, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு அது ரொம்பவே உறுத்தியது.

'டாண்டா' என்ற பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கப்பல் அது. மதராஸ் போர் நிதியில் அதை மாற்றியமைத்து 'மதராஸ்' என்றே பெயர் வைத்தார்கள், எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் இருந்த டாக்டர் கிஃபர்டு பொறுப்பேற்றுப் போனார்.

அப்படி ஒரு கப்பலில் கட்டிலும் மருந்தும் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, கிடைக்காதவர்கள் கதையைப் படித்தால்தான் புரியும். 1915 நவம்பரில் பாக்தாத்துக்குப் பக்கத்தில் டெசிஃபோன் என்ற இடத்தில் துருக்கியப் படையோடு பிரிட்டிஷ் இந்தியப் படை போட்ட சண்டை. நம் பக்கத்தில் செத்தவர்களும் அடிபட்டவர்களுமாக 4,000 பேருக்கு மேல், அதில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். எலும்பு முறிந்தவர்களைக்கூட ஸ்பிரிங் இல்லாத கட்டை வண்டியில் போட்டு ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தார்கள், அங்கிருந்து பாஸ்ரா துறைமுகத்துக்கு டைக்ரிஸ் ஆற்றில் படகுப் பயணம். 'மெஜிடியா' என்ற படகு கிட்டத்தட்ட இரண்டு வாரம் கழித்து வந்து சேர்ந்தபோது, பாஸ்ராவில் 'வரேலா' ஆஸ்பத்திரிக் கப்பலில் இருந்த ராணுவ டாக்டர் மேஜர் கார்ட்டர் அதன் பக்கவாட்டில் கயிறுகள் தொங்குவதாக நினைத்தாராம். கிட்டே வந்ததும் நாற்றம் தாங்கவில்லை, அது கயிறு இல்லை, எழுந்து போக முடியாத மனிதர்களின் மலம் வழிந்து காய்ந்து தொங்கியது. இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது. அந்தத் தளத்தில் நம் பிள்ளைகள் மெத்தை இல்லாமல், காயத்துக்குக் கட்டு மாற்ற ஆளில்லாமல் கிடந்திருக்கிறார்கள்.

மேலிடத்துக்கோ ஏற்பாடுகள் சிறப்பாக நடந்தன என்று தந்தி போனது. உண்மையைச் சொன்ன கார்ட்டரைத்தான் கைது செய்வோம் என்று மிரட்டினார்கள். அவர் விடவில்லை. அப்புறம் விசாரணைக் கமிஷன் வைத்து, 1917இல் அறிக்கை வெளிவந்து, பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்த ஆஸ்டன் சேம்பர்லின் ராஜினாமா செய்ய வேண்டியதாயிற்று.

பாஸ்ராவைத் தாண்டி, வெள்ளைச் சாயமும் சிவப்புச் சிலுவையும் போட்ட கப்பலில் ஏறியவனுக்குத்தான் ஊர் பக்கத்தில் வந்தமாதிரி இருந்திருக்கும். அப்படிப்பட்ட கப்பல்களில் ஒன்று நம்முடையது. குண்டு போட்ட கப்பலுக்குக் கல்வெட்டு இருக்கிறது, துறைமுகத்தின் வாசலிலாவது இதற்கும் ஒரு கல் வைக்கச் சொல்லி உங்கள் இதழே எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், இராயபுரம், சென்னை